மஞ்சள் மேசை

சனிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு வந்து நிற்க வேண்டிய பேருந்து பதினொன்று நான்குக்குத்தான் வந்து நின்றது. டைம்கீப்பர் இறங்குவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை மனதில் குறித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனை வாசலில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதிய கை அது. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் பழக்கம் விடவில்லை. பணிமனையில் வைத்த பெயரும் விடவில்லை. பெற்ற மகளே கோபம் வந்தால் "டைம்கீப்பரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள்.

அவளுக்குப் பின்னால், இரண்டு பைகளோடும் ஒரு குடையோடும் மூச்சு வாங்க இறங்கியவர் அவளுடைய சம்பந்தி. மாப்பிள்ளையைப் பெற்றவர். இருபது வருடமாக ஒரு கல்லூரியில் கேன்டீன் நடத்துகிறார். பேராசிரியர்கள் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கேன்டீனம்மா.

இருவரும் சேர்ந்து வெளியூர் வந்தது இதுதான் முதல் தடவை. ஆசைப்பட்டு வரவில்லை. அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

விஷயம் இதுதான். மகளுக்கு ஏழாம் மாதம். மகளும் மாப்பிள்ளையும் வேலை பார்ப்பது தொலைதூர நகரம் ஒன்றில். குழந்தை பிறந்த பின் ஆறு மாதம் ஒரு பெரியவர் கூடவே இருந்தாக வேண்டும். அவர்கள் வீட்டில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு அறை, அதில் ஒரே ஒரு கட்டில். இரண்டு அம்மாக்களும் தங்கள் தங்கள் வீட்டில் பெட்டியைத் தயாராக எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்று வாரமாகத் தொலைபேசியில் தேனொழுகப் பேசிக்கொண்டார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம் சம்பந்தி, நான் போறேன்." "ஐயோ, உங்களுக்குத்தான் சிரமம், நான் போறேன்." இப்படியே இழுத்துக்கொண்டு போனதில் மாப்பிள்ளை ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டார். வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் போன ஒரு பழைய விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரு அறை பிடித்தார். "ரெண்டு நாள் நிம்மதியா குளிங்க, சாப்பிடுங்க, பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நாங்க போன் பண்றோம். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

டைம்கீப்பர் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கணவர் போய் ஆறு வருடம். வேலையும் போய்விட்டது. காலையில் எழுந்து, காபி குடித்து, எட்டு மணிக்கே அந்த நாளில் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டில் அவளுக்கு வேண்டும். சம்பந்திக்காவது கேன்டீன் இருக்கிறது.

விடுதி நூற்று நாற்பது வருடம் பழையது. நீண்ட தாழ்வாரங்கள், ஆள் உயர சன்னல்கள், நடுவில் பெரிய குவிமாடம். குவிமாடத்துக்குக் கீழேதான் ஊற்று. உள்ளே நுழைந்ததும் கேன்டீனம்மா மூக்கை உறிஞ்சினார்.

"அவிச்ச முட்டை வாசம் வருது. சமையல்கட்டு இங்கதான் பக்கத்துல இருக்கணும்."

"அது ஊத்துத் தண்ணி வாசம்மா," என்றார் வரவேற்பு மேசையில் இருந்த பெண். ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது அதைச் சொல்லியிருப்பார் போல, முகத்தில் சிரிப்புகூட இல்லை. அதே முகத்தோடு விடுதியின் முறைகளையும் ஒப்பித்தார்.

இங்கே யாருக்கும் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் தாங்கள் யாரென்று வெளியே தெரியாமல் வந்து குளித்துவிட்டுப் போனதால் ஏற்பட்ட வழக்கம். ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் ஓர் எண். மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். பார்த்துவிட்டு எதுவும் சொல்ல மாட்டார். வந்த இடத்தில் விருந்தாளி மனம் கலங்கக் கூடாதாம். சாயங்காலம் உணவுக்கூடத்து வாசலில் மணிக்கட்டில் ஒரு நாடா கட்டுவார்கள். வெள்ளை நாடா என்றால் பெரிய குளம், முழு நேரம், முழுச் சாப்பாடு. நீலம் என்றால் சின்னக் குளம், அரை நேரம், அளவுச் சாப்பாடு. மஞ்சள் என்றால் கால் மட்டும் நனைக்கலாம், உப்பில்லாத பத்தியம். உணவுக்கூடத்தில் மூன்று மேசைகள், மூன்று நிற விரிப்புகள். கிளம்பும் வரை அவரவர் மேசை அவரவருக்கு.

"அப்ப நாடாதான் நம்ம தலையெழுத்து," என்றார் கேன்டீனம்மா.

டைம்கீப்பருக்குப் பதினொன்று. கேன்டீனம்மாவுக்குப் பன்னிரண்டு.

மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செவிலி கையில் ஓர் அட்டையோடு எட்டிப் பார்த்து, "பதினொண்ணு வாங்க" என்றார். டைம்கீப்பர் எழுந்தாள். எழுந்தவளுக்கு, பையனைப் பெற்றவரை உட்கார வைத்துவிட்டுத் தான் முந்திக்கொண்டு போவது சரியாகப் படவில்லை.

"நீங்க முதல்ல போங்க சம்பந்தி."

"சேச்சே, உங்களத்தான கூப்பிட்டாங்க. நீங்க போங்க."

"நான் இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

"மூத்தவங்க நீங்க இருக்கறப்போ நானா?"

"மூத்தவங்களா? உங்களுக்கும் எனக்கும் நாலு மாசம்தான் வித்தியாசம்!"

"யாராவது ஒருத்தர் வாங்கம்மா," என்றார் செவிலி.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். வாசற்படி, நாற்காலி, கடைசி இனிப்பு எதுவாக இருந்தாலும் இவர்கள் இருவருக்கும் நடுவே அது சற்று நேரம் தவிக்கும். யார் விட்டுக்கொடுக்கிறாரோ அவர்தான் ஜெயித்தவர். அன்று டைம்கீப்பர் ஜெயித்தாள். கேன்டீனம்மா உள்ளே போனார். கையில் ஏற்கனவே ஓர் அட்டை இருந்ததால் செவிலி வில்லையைப் பார்க்கவில்லை. பிறகு டைம்கீப்பர் போனாள். எடை, நாடி, இரத்த அழுத்தம். மருத்துவர் எதுவும் பேசாமல் எழுதினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு உணவுக்கூடத்தின் இரட்டைக் கதவு திறந்தது. வாசலில் அந்தக் கூடத்தின் மேலாளர் அம்மா நின்றிருந்தார். விறைப்பான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை. அவர் பட்டியலைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் டைம்கீப்பரின் மணிக்கட்டில் நாடாவைக் கட்டினார்.

மஞ்சள்.

பின்னாலேயே கேன்டீனம்மா கையை நீட்டினார். வெள்ளை. அவர் அந்த வெள்ளை நாடாவைப் பரிசுச் சீட்டில் பெயர் வந்தவர் மாதிரி பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "எனக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்று மேலாளரையே கேட்டார். மேலாளர் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

மஞ்சள் மேசை கூடத்தின் ஓரத்தில், வெளிச்சம் குறைந்த மூலையில் இருந்தது. எட்டுப் பேர். ஒருவருக்கும் முகத்தில் களையில்லை. டைம்கீப்பருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பியானோ பழுது பார்ப்பவர். கிண்ணத்தில் கஞ்சி வந்தது. அதை அவர் கரண்டியால் ஒரு தடவை கிளறி, காதைச் சாய்த்துக் கேட்பவர் போல் பாவனை செய்தார்.

"நேத்து வந்தேன். நாலு வேளையா இதே சுதிதான்," என்றார். "நீங்க எதுக்கு மஞ்சள்? இதயமா, பிரஷரா?"

"தெரியலைங்க. சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்க. ஆனா இந்த மேசைக்கு வர்றதுக்கு அந்த ரெண்டுல ஒண்ணு வேணும்."

வெள்ளை மேசையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. முதலில் காளான் சூப். பிறகு வெண்ணெயில் வாட்டிய மீன். பிறகு மேலே பொன்னிறமாக முறுகிய உருளைக்கிழங்கு. பரிமாறுகிறவர்கள் வெள்ளிமூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவி கிளம்பி இந்த மூலைவரை வந்தது. கேன்டீனம்மா ஒவ்வொரு தட்டையும் சாப்பிடவில்லை, விசாரணை செய்தார். ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நடுவில் டைம்கீப்பரைப் பார்த்துக் கையை ஆட்டினார். டைம்கீப்பரும் ஆட்டினாள். நாடா கட்டிய கை என்று பாதியில் நினைவு வந்து, மறு கையை ஆட்டினாள்.

மறைத்து என்ன பயன்? உட்கார்ந்திருக்கும் மேசையே ஊருக்குச் சொல்லிவிட்டது.

சாப்பிட்டு முடித்து அறைக்கு வந்ததும் கேன்டீனம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டு மூடினார்.

"என்ன மாத்திரை சம்பந்தி?"

"அது சும்மா, சத்து மாத்திரை. இனிமே வேண்டாம்." குரலில் ஒரு துள்ளல். பிறகு அந்தத் துள்ளலை அடக்கிக்கொண்டு, டைம்கீப்பரின் கையைப் பிடித்தார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஊருக்குப் போனதும் நல்ல டாக்டராப் பாருங்க. குழந்தைய நான் பாத்துக்கறேன்."

இதுவரை மூன்று வாரம் "நீங்களா நானா" என்று இழுத்த பேச்சில் இப்படிப் பளிச்சென்று ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. டைம்கீப்பருக்குக் கோபப்படக்கூட வழியில்லை. அந்த அம்மாள் கேலியாகச் சொல்லவில்லை. கண்ணில் நிஜமான இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு நாலு மணிக்குத்தானே," என்றாள். "பாப்போம்."

ஞாயிறு காலையும் கஞ்சிதான். இந்தத் தடவை அதில் ஒரு பேரிக்காய்த் துண்டு மிதந்தது. பியானோக்காரர் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, விருந்தின் முடிவில் சாப்பிடப் போவதாக அறிவித்தார். டைம்கீப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. கஞ்சியைக் குடித்தபடியே மனதுக்குள் நாலு மணி வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். "எனக்கு உடம்பு அவ்வளவா சரியில்ல, அத்தையே வரட்டும்." மகள் பயப்படுவாள். அதனால், "இங்க எனக்கு வேலை இருக்கு, அத்தையே வரட்டும்." என்ன வேலை என்று கேட்பாள். பிள்ளைகளிடம் பொய் சொல்வதற்குக்கூட கையில் ஒரு வேலை இருக்க வேண்டியிருக்கிறது.

எட்டே முக்காலுக்குக் கால் நனைக்கும் அறை. மர வாளிகளில் வெந்நீர் ஊற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். அவள் தன் இரண்டு கால்களையும் உள்ளே விட்டு உட்கார்ந்தாள். சூடு முழங்கால்வரை இதமாக ஏறியது. இதையாவது முழுசாக அனுபவிப்போம் என்று கண்ணை மூடினாள்.

வாசலில் பணியாள் யாரையோ அழைத்தார். "முப்பது வாங்க."

"நீங்க போங்க," என்றது ஒரு குரல்.

"உன்னத்தான் கூப்பிட்டாரு. நீ போடா."

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படி?"

இரண்டு கிழவர்கள். அண்ணன் தம்பி. இருவரும் ஒருவரையொருவர் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முப்பதுக்குரிய வாளியில் முப்பத்தொன்று கால் விட்டார்.

டைம்கீப்பர் கண்ணைத் திறந்தாள்.

பணிமனையில் இது அடிக்கடி நடக்கும். பதினொன்றாம் வண்டிக்கு டிரைவர் வந்திருக்க மாட்டார். அதன் நேரத்தில் பன்னிரண்டாம் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். கவனிக்காதவன் பதினொன்று கிளம்பியது என்று எழுதிவிடுவான். அன்று முழுக்கக் கணக்கு தலைகீழாகப் போகும். பதினொன்றில் வந்த பழுதைப் பன்னிரண்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்வது, நேரப் பலகையைப் பார்த்து எழுதாதே, வண்டியைப் பார்த்து எழுது என்பதுதான்.

நேற்று பெஞ்சில் செவிலி கூப்பிட்டது பதினொன்றை. போனது பன்னிரண்டு. அனுப்பி வைத்தது யார்? அவளேதான்.

அப்படியானால் மஞ்சள் அவளுடையது அல்ல. அவளுக்கு ஒன்றும் இல்லை. இதயம் அதுபாட்டுக்கு அடிக்கிறது. கட்டில் அவளுக்குத்தான்! வாளிக்குள் கால் விரல்கள் தாமாக விரிந்தன. எதிரில் இருந்த ஒருவர் இவள் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார். ஐந்தாறு விநாடி இருக்கும். அந்த ஐந்தாறு விநாடிக்காகப் பின்னால் அவள் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறாள். ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அவளுக்கு மறுபாதி உறைத்தது. மஞ்சள் வேறு யாருடையது?

சுவர்க் கடிகாரம் ஒன்பது பதின்மூன்று காட்டியது. வெள்ளை நாடாக்காரர்கள் பெரிய குளத்தில் இறங்குவது ஒன்பதுக்கு. முழு நேரம் நாற்பது நிமிடம்.

அவள் செருப்புகூடப் போடாமல் தாழ்வாரத்தில் நடந்தாள். நடக்கிறோம் என்றுதான் நினைத்தாள். பார்த்தவர்கள் ஓடினாள் என்றார்கள். குவிமாடத்தின் வாசலில் காவலாக நின்ற பெண் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் குறுக்கே கையை நீட்டினார்.

"மஞ்சளுக்கு இங்க அனுமதி இல்லம்மா."

"நான் மஞ்சள் இல்ல. மஞ்சள் உள்ள இருக்காங்க."

"உள்ள வெள்ளை மட்டும்தான் இருக்காங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்! நாடா மாறிப் போச்சு. என் சம்பந்திய வெளிய கூப்பிடுங்க."

"குளியல் நேரத்துல யாரையும் கூப்பிடறது இல்ல. முறை."

டைம்கீப்பர் அந்தக் கையைப் பார்த்தாள். பணிமனை வாசலில் இதைவிடத் தடிமனான கைகளை எல்லாம் பார்த்தவள். குனிந்து அதற்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள்.

குவிமாடத்துக்குள் ஆவி மேகம் மாதிரி நின்றது. உயரத்திலிருந்த வண்ணக் கண்ணாடிகளின் வழியே வந்த வெளிச்சம் நீரில் துண்டு துண்டாகக் கிடந்தது. வட்டமான குளம், கழுத்தளவு தண்ணீரில் பத்துப் பதினைந்து தலைகள். எல்லாத் தலையும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. எந்தத் தலை? பெயர் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை. "வெளிய வாங்க, மஞ்சள் உங்களோடது" என்று கத்தினால் அந்த அம்மாள் வர மாட்டார், வாதாடுவார்.

டைம்கீப்பர் வாயருகே கையைக் குவித்துக்கொண்டாள். "சம்பந்தி! உங்க பையன் லைன்ல இருக்கார்!"

ஒரு தொப்பி அம்பு மாதிரி கரையை நோக்கி வந்தது.

"என்னாச்சு? அவளுக்கு ஏதாவது... ஏழாம் மாசம்தானே..." கேன்டீனம்மா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. மூன்றாவது படியில் கால் நின்றது. "இருங்க. என்னமோ சுத்துது." டைம்கீப்பர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி அவரை அக்குளில் கைகொடுத்துத் தாங்கினாள். காவல் பெண் திட்டுவதற்காக ஓடி வந்தவர், திட்டாமல் மறுபக்கம் தாங்கினார்.

செவிலி வந்தார், மருத்துவர் வந்தார், இரண்டு அட்டைகளும் வந்தன. டைம்கீப்பர் நடந்ததை வரிசையாக, நிமிடக் கணக்கோடு சொன்னாள். மருத்துவர் இரண்டு பேருக்கும் மறுபடி இரத்த அழுத்தம் பார்த்தார். பன்னிரண்டாம் அட்டையில் இருந்தது டைம்கீப்பரின் கணக்கு. பதினொன்றாம் அட்டையில் நேற்று எழுதியிருந்தது நூற்று எண்பத்தெட்டு. இப்போது கேன்டீனம்மாவுக்கு அதைவிடச் சற்றே கூடுதல்.

"இன்னும் இருபது நிமிஷம் உள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல விரும்பல," என்றார் மருத்துவர். அந்த விடுதியில் அவர் வாய் திறந்து நோயாளியிடம் பேசியது அதுவே முதல் தடவையாகக்கூட இருக்கலாம். "மாத்திரை சாப்பிடறீங்களா?"

கேன்டீனம்மா கூரையைப் பார்த்தார். "மூணு வருஷமா. நேத்து ராத்திரியும் இன்னிக்குக் காலையிலயும் போடல."

"ஏன்?"

"நீங்கதானே வெள்ளை நாடா கட்டினீங்க? சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

மருத்துவர் தன் கையாலேயே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லி, செவிலியைக் காவல் வைத்துவிட்டுப் போனார்.

அழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியதும் செவிலி கதவருகே நாற்காலியைத் தள்ளிக்கொண்டார்.

"என் பையன் லைன்ல இல்லைல்ல?" என்றார் கேன்டீனம்மா.

"இல்ல."

"நல்ல பொய்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா இது?"

"யாருக்கும் தெரியாது. அவங்கப்பா இதுலதான் போனாரு. பையனுக்கு அப்போ பதினாறு வயசு, பக்கத்துலயே இருந்தான். இப்பவும் எனக்குத் தலைவலின்னா அவன் முகம் வெளுத்துடும். இது தெரிஞ்சா, மாசமா இருக்கற பொண்டாட்டிய அங்க விட்டுட்டு இங்க ஓடி வந்து நிப்பான்." அவர் பக்கவாட்டில் திரும்பினார். "சொல்லாதீங்க சம்பந்தி."

டைம்கீப்பர் போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"நானே நாலு மணிக்கு உங்களப் போகச் சொல்லிடறேன். ஆறு மாசம், கைக்குழந்தை, ராத்திரித் தூக்கம் கிடையாது. இந்த உடம்ப வெச்சுட்டு நான் போனா குழந்தையோட சேத்து என்னையும் அவங்கதான் தூக்கணும். எனக்கும் புத்தி இருக்கு. நேத்துதான் கொஞ்ச நேரம் இல்லாமப் போச்சு." கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த நாடாவ கட்டினதும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? குழந்தைய நான்தான் குளிப்பாட்டுவேன்னு."

"எனக்கும் அதான் தோணுச்சு. இன்னிக்குக் காலையில, வாளிக்குள்ள கால வெச்சுட்டு," என்றாள் டைம்கீப்பர். ஐந்தாறு விநாடி சிரித்ததை அவள் சொல்லவில்லை. ஆனால் கேன்டீனம்மா அவளை ஒரு தினுசாகப் பார்த்ததில் புரிந்துகொண்டார் என்றே பட்டது.

"ஒரு நிபந்தனை," என்றாள் டைம்கீப்பர். "திங்கக்கிழமை காலையில நான் உங்க வீட்டுக்கு வருவேன். பெரிய டாக்டரப் பாக்கறோம். நான் ஊருக்குக் கிளம்பற வரைக்கும் மாத்திரை போட்டாச்சான்னு தினம் ரெண்டு தடவை கேப்பேன். கிளம்பின பிறகும் கேப்பேன். குழந்தை பிறந்து, எல்லாம் நல்லபடியா ஆனதும், நீங்களே பையன்கிட்ட சொல்லணும்."

"தினம் ரெண்டு தடவையா?"

"மூணு வேணுமா?"

"ரெண்டே போதும்."

மதியச் சாப்பாட்டுக்கு நாடாக்களை மாற்றிக் கட்டினார்கள். மேலாளர் அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கட்டும்போது முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டார். டைம்கீப்பர் தன் சம்பந்தியோடு மஞ்சள் மேசையிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். முறை அதற்கு இடம் தராது என்றார் மேலாளர்.

"போங்க," என்றார் கேன்டீனம்மா. "போய் ஒழுங்கா சாப்பிட்டு, என்னென்ன போட்டிருந்துதுன்னு வந்து சொல்லுங்க. எனக்காக விரதம் எல்லாம் இருக்க வேண்டாம்."

இரண்டு வேளைக் கஞ்சிக்குப் பிறகு வந்த அந்தச் சாப்பாட்டை டைம்கீப்பர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். வாட்டிய கோழியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள். குற்ற உணர்ச்சி இருந்தது. பசி அதைவிட அதிகமாக இருந்தது. மூலையில் கேன்டீனம்மா பியானோக்காரருக்குக் கஞ்சி எப்படி வைக்க வேண்டும் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். உப்பில்லாவிட்டாலும் தானியத்தை முதலில் வறுத்திருந்தால் மணமாவது இருந்திருக்கும் என்பது அவர் கட்சி. மொத்த மஞ்சள் மேசையும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

நாலு மணிக்கு இருவரும் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டைம்கீப்பரின் கைபேசி சரியாக நாலுக்கு அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டு நடுவில் வைத்தாள்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?" மாப்பிள்ளையின் குரல்.

"பண்ணிட்டோம்டா," என்றார் கேன்டீனம்மா. மேடைப் பேச்சு மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அத்தைதான் வராங்க. எனக்குக் கேன்டீன் இருக்கு. விட்டுட்டு வர முடியாது."

"போன வாரம்தானே, கேன்டீன சமையல் மாஸ்டர் பாத்துப்பாரு, ஆறு மாசம் என்ன ஒரு வருஷம்கூட இருப்பேன்னு சொன்ன?"

இருபது வருடம் கல்லூரிப் பிள்ளைகளை வாயாலேயே அடக்கிய மனுஷி, பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லத் தெரியாமல் டைம்கீப்பரைப் பார்த்தார்.

"அம்மா? உடம்பு ஏதும் சரியில்லையா?" குரலில் அதற்குள் நடுக்கம் வந்துவிட்டது.

டைம்கீப்பர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்தாள். "உடம்பெல்லாம் நல்லா இருக்காங்க மாப்பிள்ளை. மத்தியானம் ஒரு மேசைக்கே சமையல் சொல்லிக் குடுத்தாங்க. நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். என் பொண்ணுக்கு நான்தான் வரணும்னு. அவங்க பெருந்தன்மையா விட்டுக் குடுத்துட்டாங்க."

"அப்படிங்களா. சரிங்க அத்தை. உங்க இஷ்டம்போலவே செய்யலாங்க."

பிறகு மகள் வந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ற? ரெண்டு நாள் உன்ன நம்பி அத்தையக் கூட அனுப்பினா, அவங்க வாய அடைச்சு அனுப்பறியா? எவ்வளவு ஆசையா இருந்தாங்க தெரியுமா? ஸ்வெட்டர் எல்லாம் பின்னி வெச்சிருக்காங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆமா."

"உனக்கு எப்பவும் நீ போட்ட நேரப்படிதான் எல்லாம் ஓடணும்." மகள் மூச்சை இழுத்துவிட்டாள். "சரி. டிக்கெட் போடறேன். அத்தைகிட்ட நான் தனியாப் பேசிக்கறேன்."

டைம்கீப்பர் கைபேசியை மடியில் வைத்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆறு மாதம், அந்த அறை, அந்தக் கட்டில். கூடவே, தன்னைச் சுயநலக்காரி என்று நினைக்கும் இரண்டு பேரும். வாயைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். திறக்கக் கூடாது.

"பொண்ணு ரொம்பத் திட்டிட்டாளா?" என்றார் கேன்டீனம்மா.

"கொஞ்சம்."

"என் பையன்?"

"திட்டல. எப்பவும் 'நீ, வா'ன்னு உரிமையாப் பேசறவர், இன்னிக்கு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டார்."

"ஐயையோ." கேன்டீனம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப பயங்கரக் கோவத்துல இருக்கான். அவங்கப்பாவும் அப்படித்தான், கோவம் வந்தா மரியாதை கூடிடும். ஒரு மாசம் தாங்கும்."

"அதுக்குள்ள குழந்தை வந்துடாது?"

"வராது. இன்னும் ரெண்டு மாசம் கிட்ட இருக்கே." கேன்டீனம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, ரகசியம் சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "உருளைக்கிழங்க வேக வெச்சு, மிளகு போட்டு, நெய்யில மொறு மொறுன்னு வறுத்துக் குடுங்க. மூணாம் நாளே நீ, வா, போன்னு இறங்கிடுவான். எப்படின்னு சொல்றேன், எழுதிக்கங்க."

டைம்கீப்பர் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.